ஆய்வுக்கூடத்தில் மாணவரின் நாற்பது நாட்கள்

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்தவுடன் நம் நாட்டின் தேசிய ஆய்வுக்கூடங்களின் வாயிலில் ஒரு காட்சியைக் காணலாம். கையில் அனுமதிக் கடிதம், தோளில் ஒரு பை, சில சமயம் உடன் தந்தையோ தமையனோ. காவலர் அறையில் பெயரெழுதிக் கையொப்பமிட்டு, எந்தக் கட்டடம் எங்கிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு உள்ளே செல்லும் இம்மாணவர்கள், பெரும்பாலும் பல நூறு மைல் கடந்து வந்தவர்கள். பாடப் புத்தகத்தில் முடிவு தெரிந்த பரிசோதனைகளையே இதுவரை செய்தவர்கள், முடிவு தெரியாத பரிசோதனை ஒன்றை முதன்முறையாகச் செய்ய வந்திருக்கிறார்கள்.

இத்தகைய வாய்ப்புகள் முன்பைவிட இன்று பெருகியுள்ளன. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதெமி, புது தில்லியிலுள்ள இந்திய தேசிய அறிவியல் அகாதெமி, பிரயாக்ராஜிலுள்ள தேசிய அறிவியல் அகாதெமி ஆகிய மூன்றும் இணைந்து கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை அளித்து வருகின்றன. அதன் காலம் இரண்டு மாதம். 2008-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கப்பெற்ற இன்ஸ்பயர் திட்டத்தில் அறிவியல் பட்டப்படிப்பு மாணவருக்கென வகுக்கப்பட்ட ஆண்டு உதவி 80,000 ரூபாய். இதில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றி, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரையறையின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்ற மாணவர் நான்காம் ஆண்டை ஆராய்ச்சியுடன் கூடிய பட்டத்திற்கெனத் தேர்ந்துகொள்ளலாம். ஆகவே, முன்னர் முனைவர் பட்ட மாணவருக்கு மட்டுமே உரியதாயிருந்த ஆய்வுக்கூட மேசை, இனி இளநிலைப் பட்ட மாணவருக்கும் உரியதாகின்றது. அந்த மேசையில் அவர் செலவிடும் நாட்கள் பயனுள்ளவையாக அமைய வேண்டுவன யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான் விஞ்ஞானி அல்லன் என்பதை முதலிலேயே கூறிவிடுதல் நலம். பொருளாதாரம் பயின்று, மத்திய அரசின் கணக்குப் பணியில் சேர்ந்து, அப்பணியின் ஒரு பகுதியாக வட மாநிலம் ஒன்றிலுள்ள ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் நிதி அலுவலராக இருந்தவன். விஞ்ஞானிகள் ஆய்வைப் பார்க்கும் பக்கத்திலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை. பில்லும் வவுச்சரும் வரும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்பக்கத்திலிருந்தும் சில உண்மைகள் தெளிவாகத் தெரியும். எந்த மாணவரின் இரண்டு மாதம் பயன் தந்தது, எவருடையது வீணாயிற்று என்பது அவற்றுள் ஒன்று.

நாட்கணக்கு

இரண்டு மாதம் என்பது எட்டு வாரம். வாரத்திற்கு ஐந்து வேலை நாள் எனக் கொண்டால் நாற்பது நாள். இவற்றுள் முதல் ஐந்து நாள் தங்குமிடம், அடையாள அட்டை, நூலக அனுமதி, பாதுகாப்பு வகுப்பு ஆகியவற்றில் கழியும். இறுதி ஐந்து நாள் அறிக்கை எழுதவும் அதைத் திருத்தவும் வேண்டும். எஞ்சுவது முப்பது. ஆய்வுக்குத் தேவையான பொருள் கைவசம் இல்லாமல் புதிதாக வாங்க வேண்டியிருந்து, அது வந்துசேர நான்கு வாரம் ஆகுமாயின், மேலும் இருபது நாள் போய்விடும். மீதி பத்து நாள். பரிசோதனை என்பது முதன்முறையே சரியாக அமையும் என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆகவே அந்தப் பத்து நாளும் பழகுவதிலேயே முடிந்துவிடும்.

இக்கணக்கை மாணவர் வந்திறங்கிய அன்றே போட்டுப் பார்க்க வேண்டும். இயன்றால் வருவதற்கு ஒரு மாதம் முன்னரே வழிகாட்டும் விஞ்ஞானிக்குக் கடிதம் எழுதி மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும். நான் பணிபுரியப் போகும் வினா எது? அதற்குமுன் நான் படிக்க வேண்டிய கட்டுரைகள் எவை? அதற்கான பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கின்றனவா? இம்மூன்றாவது வினாவை மாணவர்கள் கேட்பதே இல்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறார்கள் போலும். உண்மையில், நல்ல விஞ்ஞானி இவ்வினாவைக் கேட்டு மகிழ்வாரேயன்றி வருந்தமாட்டார்.

மாணவருக்கு அளிக்கப்படும் உதவித்தொகை மட்டுமே அவருக்காக அரசு செய்யும் செலவு என்று பலர் கருதுகின்றனர். அது செலவின் சிறு பகுதியே. அவர் கையாளும் கருவியின் நேரம், கரைத்து ஊற்றும் வேதிப்பொருள், குளிர்பதன அறையின் மின்சாரம், எல்லாவற்றிற்கும் மேலாக வழிகாட்டி தமது சொந்த ஆய்விலிருந்து எடுத்து அவருக்குத் தரும் நேரம், இவை யாவும் செலவே. இன்னொரு விண்ணப்பதாரருக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தில் தாம் அமர்ந்திருக்கிறோம் என்பதையும் மாணவர் நினைவிற்கொள்ளல் வேண்டும். பொருளாதார மாணவர் இதை வாய்ப்புச் செலவு என்பார்.

முதல் இரண்டு வாரம்

வந்தவுடனே பெரிய கருவியைத் தொட வேண்டும் என்னும் ஆவல் இயல்பானது. ஆயினும் தொடக்கத்தில் செய்ய வேண்டியது, தம் ஆய்வின் வினாவை ஒரே வாக்கியத்தில், தம் வீட்டாருக்கும் விளங்கும்படி எழுதிப் பார்ப்பதாகும். எழுத முடியவில்லையெனில் வினா இன்னும் புரியவில்லை என்று பொருள். அதை வழிகாட்டியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். முதல் வாரத்தில் அறியாமையை ஒப்புக்கொள்வது எளிது. ஆறாம் வாரத்தில் அது மிகக் கடினமாகிவிடும்.

மொழி பற்றியும் இங்கே கூற வேண்டும். தமிழ்வழியிலோ கன்னட, மராட்டி வழியிலோ பயின்று வந்த மாணவர், ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேசும் ஆய்வுக்குழுவில் முதல் சில நாட்கள் வாய் திறவாமல் அமர்ந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அறிவிலே குறையில்லை. பிழையாகப் பேசிவிடுவோமோ என்னும் அச்சம்தான். அத்தகையோர் கேட்க விரும்பும் வினாவை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லலாம். ஆய்வுக்கூடத்தில் இலக்கணம் எவரும் பார்ப்பதில்லை. மையவிலக்குப் பொறியில் எதிரெதிர்க் குழாய்களைச் சம எடையில் வைத்தாரா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

பாதுகாப்பு வகுப்பைச் சடங்காகக் கருதலாகாது. அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்பது பள்ளியிலேயே கற்றதாயினும், அவசரத்தில் மறக்கப்படுவது அதுவே. நச்சாவி எழும் வேலையை ஃபியூம் ஹூட்டின் உள்ளேதான் செய்ய வேண்டும். வேதிப்பொருள் வைக்கும் குளிர்பெட்டியில் உணவுப் பொருளை வைக்கலாகாது. தனியே இரவில் பணிபுரிவதாயின் அனுமதி பெற்று, அருகில் ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிகளைப் பழகுவதற்குச் சிறந்த ஆசிரியர், பெரும்பாலும் அதைப் பேணிவரும் தொழில்நுட்ப உதவியாளரே. எந்தக் குமிழ் சற்றே தளர்ந்திருக்கிறது, எந்த விளக்கு சூடேற அரைமணி நேரம் ஆகும், எந்தத் தராசின் அருகே மின்விசிறி ஓடினால் அளவு தவறும் என்பனவெல்லாம் கையேட்டில் இரா, அவரிடம் இருக்கும். அவரை மதித்து, அவர் நேரத்தைக் கேட்டுப் பெற்று, கருவியின் பதிவேட்டில் தம் பெயரையும் நேரத்தையும் தவறாமல் எழுதும் மாணவருக்கு எல்லாக் கதவும் திறக்கும். கண்ணாடிக் கலங்களைக் கழுவும் வேலை கிடைத்தால் அதை இழிவென எண்ண வேண்டாம். கலம் சரியாகக் கழுவப்படாததால் பிழைத்துப்போன பரிசோதனைகள் எத்தனை என்பதை மூத்த மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குறிப்பேடு

ஆய்வுக்கூடத்தில் மாணவர் விட்டுச்செல்லும் உண்மையான சொத்து அவருடைய குறிப்பேடுதான். கட்டுத் தைத்த ஏடாக அது இருக்க வேண்டும். பக்கங்கள் எண்ணிடப்பட வேண்டும். மையினால் எழுத வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் தேதி இட வேண்டும். பிழையானதை அழிக்கலாகாது, ஒரே கோட்டால் அடித்து, அருகில் சரியானதை எழுத வேண்டும். துண்டுத்தாளில் எழுதி வைத்துப் பின்னர் நகலெடுக்கும் வழக்கம் கூடாது. நகலெடுக்கும் போது நாம் அறியாமலேயே நமக்குப் பிடித்த எண்களையே எடுத்துக்கொள்வோம். வேதிப்பொருளின் பெயரோடு அதைத் தயாரித்தவர், தொகுதி எண், திறந்த நாள் ஆகியவற்றையும் எழுத வேண்டும். கணினியில் சேரும் அளவீடுகள் எந்தக் கோப்பில், எந்தப் பெயரில் இருக்கின்றன என்பதும் ஏட்டில் வர வேண்டும்.

கணக்கு அலுவலர் ஒருவர் பேரேட்டின் புகழ் பாடுவது வியப்பன்று என்று வாசகர் நகைக்கலாம். ஆனால் இதற்கு நம் நாட்டு விஞ்ஞான வரலாற்றிலேயே மிகச் சிறந்த சான்று இருக்கிறது.

சி.வி. ராமன் 1907-இல் இந்திய நிதித்துறையில் உதவிக் கணக்காயராகக் கல்கத்தாவில் பதவியேற்றவர். அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில், 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தவர். 1917-இல் நிதித்துறையை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1921-இல் கடற்பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலநிறத்தைக் கண்டு எழுந்த வினா, நீர்மங்கள் ஒளியை எவ்வாறு சிதறடிக்கின்றன என்னும் நீண்ட ஆய்வுத் தொடருக்கு வித்திட்டது.

1923-இல் அக்கழகத்தில் கே.ஆர். ராமநாதன் நீரினூடே சூரிய ஒளியைச் செலுத்திச் சிதறிய ஒளியை ஆராய்ந்தார். வண்ண வடிகட்டிகளைக் கொண்டு பார்த்தபோது, சிதறிய ஒளியுடன் வேறு நிறமுடைய மிக மெல்லிய ஒளியும் வருவதைக் கண்டார். நீரிலுள்ள மாசு ஒளிர்வதாக இருக்கலாம் என்பதே முதல் ஐயம். நீரைத் திரும்பத் திரும்பத் தூய்மை செய்தும் அவ்வொளி மறையவில்லை. அதன் காரணம் அப்போது விளங்கவில்லை. ஆயினும் மெல்லிய ஒளிர்வு என்னும் பெயரில் அது பதிவாயிற்று. அடுத்து, 1923-இல் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் பல நீர்மங்களில் ஒளிச்சிதறலை அளந்தபோது, அவற்றுள் சிலவற்றில் இதே போன்ற மெல்லொளியைக் கண்டு அவரும் பதிவு செய்தார். 1928-ஆம் ஆண்டின் தொடக்கத்தையொட்டி எஸ். வெங்கடேசுவரன் கிளிசரினை ஆராய்ந்தார். இவர் பகலில் வேறிடத்தில் வேலை பார்த்து, ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்தவர். அந்த மெல்லொளி நீலமாயிராமல் பசுமையாயிருப்பதையும், வலுவாக முனைவாக்கம் பெற்றிருப்பதையும் அவர் கண்டார். மாசினால் எழும் சாதாரண ஒளிர்வு இவ்வாறு முனைவாக்கம் பெற்றிராது. ஐயம் இங்கே திரும்பிற்று. ராமனும் கிருஷ்ணனும் பிப்ரவரி மாதம் முழுவதும் இதையே தொடர்ந்து ஆராய்ந்து, 28-ஆம் நாள் நிறமாலைமானியின் வழியே விடையைக் கண்டனர். அம்மாதத்தில் நாள்தோறும் நடந்தவற்றை இன்று நாம் அறிவதற்குக் கிருஷ்ணன் எழுதி வைத்த நாட்குறிப்பே முதன்மையான சான்று. 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது.

1923-இல் கண்ட மெல்லொளியை, விளக்கம் தெரியாததால் எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மாசு எனக் கருதப்பட்டதே ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கண்டுபிடிப்பாயிற்று. ராமநாதன் பின்னாளில் அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். கிருஷ்ணன் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். எதிர்பார்ப்புக்கு மாறாக வந்த அளவை மாணவர்கள் தங்கள் தவறு என்று எண்ணி விட்டுவிடுவதே வழக்கம். பெரும்பாலும் அது அவர்கள் தவறாகவே இருக்கும் என்பதும் உண்மை. எது தவறு, எது தவறன்று என்பதைப் பின்னர் பிரித்தறிய வேண்டுமாயின், இரண்டையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இதற்கு மாறானதையும் நான் கண்டதுண்டு. நான் பணிபுரிந்த ஆய்வுக்கூடத்தில் உலோகத் தகடுகளுக்குத் துருப்பிடியாத பூச்சு அமைக்கும் ஆய்வில் ஒரு மாணவர் பத்து வாரம் உழைத்தார். முடிவுகள் நம்பிக்கையளிப்பனவாக இருந்தன. அவர் சென்றபின், வழிகாட்டி அதைக் கட்டுரையாக்க முற்பட்டார். குறிப்பேட்டில் பல பக்கங்களில் ‘நேற்றுப் போலவே’ என்றிருந்தது. எந்த நேற்று என்று தெரியவில்லை. எந்தத் தொகுதி வேதிப்பொருளைப் பயன்படுத்தினார் என்பதும் தெரியவில்லை. அளவீடுகள் அவருடைய சொந்தப் பென்டிரைவில் இருந்தன. அதுவோ தொலைந்து போயிருந்தது. வேதிப்பொருள்களை மீண்டும் வாங்குவதற்கான கோப்பு என்னிடம் வந்தபோது, காரணம் எனும் பத்தியில் விஞ்ஞானி ஒரே வரி எழுதியிருந்தார்: முன்னைய பதிவுகள் போதாமையால் மீளச் செய்ய வேண்டியுள்ளது. இதைவிடச் செலவுமிக்க ஒரு வரியை நான் அந்த ஆண்டில் படிக்கவில்லை.

வராத நொதி

மாணவரின் குறையைச் சொல்லிவிட்டு அலுவலகத்தின் குறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அக்குறை என்னுடையதாயிருக்கும்போது அதைச் சொல்வது கடமையும் ஆகும்.

ஒரு கோடையில், நெல் வைக்கோலைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி ஒன்றின் செயலை அளப்பதற்காக ஒரு மாணவி வந்தார். பொருளை வாங்கும் கோரிக்கை முதல் வாரத்திலேயே என் மேசைக்கு வந்தது. ஒரு சான்றில் கையொப்பம் இல்லை, திருப்பியனுப்பினேன். மீண்டும் வந்தபோது நிதித் தலைப்பு தவறாயிருந்தது, அதையும் திருப்பினேன். இரண்டு குறையையும் முதன்முறையே சுட்டியிருக்கலாம். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியுமிருக்கலாம். விதிப்படி நான் செய்ததில் பிழை இல்லை. தணிக்கையில் எவரும் என்னைக் கேட்டதும் இல்லை. ஐஸ் பொதிந்த பெட்டியில் நொதி வந்துசேர்ந்தது, அம்மாணவி ஊர் திரும்பிய பின் ஐந்தாம் நாள்.

புறப்படும் முன் அவர் என் அறைக்கு நிலுவையின்மைச் சான்றில் கையொப்பம் பெற வந்திருந்தார். ஆய்வு எப்படி நடந்தது என்று, வழக்கமாகக் கேட்பது போலவே கேட்டேன். “நொதி வரவில்லை சார். மற்றதையெல்லாம் செய்து வைத்திருக்கிறேன்” என்றார். குறை கூறும் தொனியே இல்லை. கோப்பு யாரிடம் நின்றது என்று அவருக்குத் தெரிந்திராது என நினைக்கிறேன்.

அவர் செய்து வைத்த மற்றதை நான் பின்னர் அவர் வழிகாட்டியிடம் கேட்டறிந்தேன். வைக்கோலை உலர்த்தி, அரைத்து, சலித்து, ஒரே அளவுடைய தூளாக்கிப் புட்டிகளில் எடையிட்டு வைத்திருந்தார். சர்க்கரையை அளக்கும் டைநைட்ரோ சாலிசிலிக் அமில முறையைப் பழகி, அளவறிந்த குளுக்கோஸ் கரைசல்களைக் கொண்டு 540 நானோமீட்டரில் நிற அளவீட்டுக் கோடு வரைந்திருந்தார். எந்தச் செறிவுக்கு மேல் கோடு வளைகிறது என்பதையும் குறித்திருந்தார். அதைவிடப் பயனுள்ள ஒன்றையும் கண்டறிந்திருந்தார். வைக்கோலை ஊறவைத்த நீருக்கே இயல்பாகப் பழுப்பு நிறம் உண்டு. அதை ஒவ்வொரு முறையும் தனியே அளந்து கழிக்காவிட்டால் சர்க்கரை உண்மையைவிட மிகையாகத் தோன்றும். நொதி குறித்த நாளில் வந்திருந்தால், அவசரத்தில் இதை எவரும் கவனித்திருக்கமாட்டார்கள் என்றார் அந்த விஞ்ஞானி. அதனால் என் தாமதம் நியாயமாகிவிடாது.

கொள்முதல் விதிகள் இதன்பின் ஓரளவு தளர்ந்துள்ளன. விஞ்ஞான அமைச்சகங்களின் கீழுள்ள ஆய்வு நிறுவனங்கள் விலைப்புள்ளியின்றி நேரடியாக வாங்கும் வரம்பு, 2025 ஜூனில் 1 லட்சம் ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. எனினும், விதி எவ்வளவு தளர்ந்தாலும் கோப்பைத் திருப்பியனுப்பும் அலுவலர் கையில் நாட்கள் இருக்கின்றன. நிதிப் பிரிவில் பணிபுரியும் இளம் அலுவலர்களுக்கு நான் கூறுவது: கோடைக்கால மாணவரின் கோரிக்கையில் அவர் செல்லும் தேதியை மேலே எழுதச் சொல்லுங்கள். குறைகள் அனைத்தையும் ஒரே குறிப்பில் சுட்டுங்கள். மாணவர் வருமுன்பே, மார்ச் மாதத்தில், அவருக்கான பொருட்பட்டியலை வழிகாட்டியிடமிருந்து கேட்டு வாங்குங்கள். பக்கத்து ஆய்வறையில் அப்பொருள் இருக்கிறதா என்று கேட்பதற்கு எந்த விதியும் தடையன்று.

வழிகாட்டியும் குழுவும்

வாரத்திற்கு ஒருமுறை அரைப்பக்க அறிக்கை ஒன்றை எழுதி வழிகாட்டியிடம் தருவது நல்ல வழக்கம். இவ்வாரம் என்ன செய்தேன், என்ன கண்டேன், எது விளங்கவில்லை, அடுத்த வாரம் என்ன செய்ய எண்ணுகிறேன் என்று நான்கைந்து வரி போதும். கேட்டால்தான் தருவேன் என்றிருக்கலாகாது. தோல்வியடைந்த பரிசோதனையையும் அதில் எழுத வேண்டும். நல்ல முடிவு வரும்வரை வழிகாட்டியின் கண்ணில் படாமல் திரியும் மாணவர், தம் இடரைத் தாமே பெருக்கிக்கொள்கிறார். அவர் மூன்று வாரம் போராடிய சிக்கலை மூத்த மாணவர் ஒருவர் மூன்று நிமிடத்தில் தீர்த்திருக்கக் கூடும்.

பெயர் யாருடையது என்னும் வினா எழும்போது மாணவர்கள் கூச்சப்படுகின்றனர். கட்டுரையில் தம் பெயர் இடம்பெறுமா, நன்றியுரையில் மட்டுமா என்பதைத் தொடக்கத்திலேயே பணிவாகக் கேட்டறிவதில் தவறில்லை. புதிய ஒளி பற்றி 1928 மார்ச் இறுதியில் லண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் இதழில் வந்த கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஜோசலின் பெல், தொலைநோக்கியின் நீண்ட பதிவுத்தாள்களில் சிறு கிறுக்கல் போன்றதொன்றைக் கண்டு விடாமல் தொடர்ந்ததால் 1967-இல் துடிவிண்மீன்கள் கண்டறியப்பட்டன. 1974-ஆம் ஆண்டுப் பரிசில் அவர் பெயர் இல்லை. இவற்றின் நியாயம் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். மாணவருக்கு இதில் வேண்டிய செய்தி வேறு: யார் எதை எப்போது கண்டார் என்பதை உலகம் இன்று அறிந்திருப்பது, அது தேதியோடு எழுதப்பட்டதால்தான்.

அளவீட்டைப் புனைவதும் பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டுவதும் குற்றம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் இதற்கென ஒழுங்குமுறைகளையே வெளியிட்டுள்ளது. காப்புரிமை பெறத்தக்க ஆய்வில் ஈடுபட்டிருப்பவர், விண்ணப்பம் பதிவாகும் முன் முடிவுகளை வெளியில் பேசுவதும் படமெடுத்து நண்பருக்கு அனுப்புவதும் கூடாது. முன்னரே வெளியானது புதுமையாகக் கருதப்படாமல் போகலாம்.

இளநிலை ஆராய்ச்சியாளருக்கு

இரண்டு மாதத்திற்கன்றி, தேசியத் தகுதித் தேர்வில் வென்று முனைவர் பட்டத்திற்காகச் சேர்ந்தவருக்கும் மேற்கூறியவை பொருந்தும். அவருக்குக் கூடுதலாகக் கூற வேண்டியது பணம் பற்றியே. 2023 ஜனவரி 1 முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை உதவித்தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளின் இறுதியில் மதிப்பீடு நடந்த பின்னரே முதுநிலைக்கு உயர முடியும். உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் இடர் மாணவர்கள் அறிந்ததே. அதன் காரணங்கள் எல்லாம் அவர்கள் கையில் இல்லை, சில இருக்கின்றன. பணியேற்பு அறிக்கையின் தேதி, மாத வருகைச் சான்று, வீட்டு வாடகைப் படிக்கான சான்று, ஆண்டு முன்னேற்ற அறிக்கை ஆகியவற்றின் நகலைத் தனிக்கோப்பில் வைத்திருப்பவருக்கு நிலுவைத் தொகை விரைவில் கிடைத்ததையும், வைத்திராதவர் பிரிவு பிரிவாக அலைந்ததையும் கண்டிருக்கிறேன். மதிப்பீட்டுக் குழுவைக் கூட்டுவதற்கான விண்ணப்பத்தை இரண்டாம் ஆண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே தருவது நல்லது.

விடைபெறும் வாரம்

கடைசி வாரத்தில் புதிய பரிசோதனை எதையும் தொடங்கலாகாது. அறிக்கையில், வராத முடிவை வந்ததாகக் காட்ட முனையாமல், எவ்வெவ் வழிகள் பயன்படவில்லை என்பதையும் எழுத வேண்டும். அடுத்து வருபவர் அதே பாதையில் மீண்டும் நடக்காமலிருக்க அது உதவும். தாம் தயாரித்த ஒவ்வொரு புட்டியின் மேலும் பொருளின் பெயர், செறிவு, தேதி, தம் பெயர் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும். பெயரில்லாப் புட்டியை எவரும் பயன்படுத்த இயலாது, கொட்டவும் துணியமாட்டார், அது ஆண்டுக்கணக்கில் குளிர்பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். குறிப்பேட்டின் மூலம் ஆய்வுக்கூடத்திற்கு உரியது. வழிகாட்டியின் அனுமதியுடன் நகலெடுத்துக்கொள்ளலாம். அளவீட்டுக் கோப்புகளை ஆய்வுக்கூடக் கணினியில் சேர்த்து, எது எங்கிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும்.

ஐஸ் பெட்டியில் வந்த நொதி உறைகுளிர்ப் பெட்டியில் வைக்கப்பட்டது. மறு கோடையில் வந்த வேறொரு மாணவர் அதைப் பயன்படுத்தினார். எடையிட்ட வைக்கோல் தூளும், அளவீட்டுக் கோடும், பழுப்பு நிறத்தைக் கழிக்கும் முறையும் முன்னவர் கையெழுத்தில் அவருக்காகக் காத்திருந்தன. எட்டாம் நாள் முதல் அளவீட்டை எடுத்தார் என்று வழிகாட்டி என்னிடம் கூறினார். அவ்வாண்டு பொருள் கோரிக்கை எதுவும் அவர் பெயரில் என் மேசைக்கு வரவில்லை.